ஆட்டைப் பிடித்தது போதும், பட்டியைப் பாருங்கள்

காவல் நிலையத்தில் ஓர் உயிர் போனால் அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் எவரும் வரிசை மாறாமல் சொல்லிவிடலாம். இருவரை ஆயுதப்படைக்கு மாற்றுவார்கள். ஊர் கொந்தளித்தால் நால்வர் பணியிடை நீக்கம். வீடியோ வெளியானால் கைது. இரவு தொலைக்காட்சி விவாதத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வருத்தம் தோய்ந்த குரலில் சொல்வார்: "எல்லாத் துறையிலும் கருப்பு ஆடுகள் உண்டு. ஒரு சிலருக்காக ஒட்டுமொத்தத் துறையையும் குறை சொல்லக் கூடாது." நெறியாளர் தலையாட்டுவார். விளம்பர இடைவேளை வரும்.

இது அதிகாரிகளின் கருத்து மட்டும் அல்ல. போலீசைக் கடுமையாக ஏசுகிறவர்களும் இதையேதான் வேறு சொற்களில் சொல்கிறார்கள். 'காக்கி போட்ட ரவுடிகள்', 'மனித மிருகங்கள்' என்கிறார்கள். ஒரு தரப்புக்குச் சிலர் கெட்டவர்கள், மறு தரப்புக்கு எல்லோருமே கெட்டவர்கள். சண்டை எண்ணிக்கையில்தான். போலீஸ்காரர் செய்வதை அவருடைய குணமே தீர்மானிக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. நான் மறுக்க வந்தது அந்த ஒற்றுமையைத்தான்.

நிலையத்தில் அன்றாடம் எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பாலானவை, புகார்தாரர் படியேறும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டவை. துறை எதைக் கணக்கில் வைக்கிறது, எதற்கு மெமோ கொடுக்கிறது, எதற்கு வெகுமதி கொடுக்கிறது, யாரை எங்கே தூக்கியடிக்கிறது, எதைக் கேள்வி கேட்காமல் விடுகிறது என்பவற்றில் அந்த முடிவுகள் இருக்கின்றன. ஆட்டின் நிறத்தை ஆராய்கிற நேரத்தில் பட்டியின் வாசல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்திருக்கலாம்.

சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் இருசக்கர வண்டி திருடு போனது. நிலையத்துக்குப் போனேன். பெயரும் ஊரும் வேண்டாம். ரைட்டர் மரியாதையாகவே பேசினார். உட்காரச் சொன்னார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "எழுதிக் கொடுங்க சார். 'காணவில்லை'ன்னு போடுங்க, 'திருட்டு'ன்னு வேணாம்." ஏன் என்று கேட்டேன். "எங்கயாவது நிறுத்திட்டு மறந்திருப்பீங்க. ரெண்டு நாள் தேடிப் பார்ப்போம்." முதல் தகவல் அறிக்கை கிடைக்கவில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதும் "சொல்லி அனுப்புறோம்" என்ற வாக்குறுதியும் கிடைத்தன.

அந்த ரைட்டர் சோம்பேறியா, லஞ்சம் எதிர்பார்த்தாரா, திருடனுக்கு வேண்டியவரா? எதுவும் இல்லை. 'திருட்டு' என்று பதிந்தால் நிலையத்தின் குற்றக் கணக்கில் ஒன்று கூடும். வண்டி கிடைக்கும்வரை அது துப்புத் துலங்காத வழக்காக நிற்கும். மாதாந்தரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். வெள்ளைத் தாள் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நிற்காது. பிடியாணை வேண்டாக் குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு ரைட்டருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் டெல்லித் தீர்ப்பு மாதக் கூட்டத்துக்கு வந்து அவருக்காகப் பேசாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1977இல் அமைக்கப்பட்ட தேசிய போலீஸ் ஆணையம் 1981 வரை எட்டு அறிக்கைகள் தந்தது. புள்ளிவிவரத்தை வைத்து நிலையங்களை எடைபோடும் வழக்கமே புகார்களை அமுக்கச் சொல்லித் தருகிறது என்று அப்போதே அது எச்சரித்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. இழுப்பறையில் வெள்ளைத் தாள் தீரவில்லை.

புகாரை அமுக்குவது வண்டியோடு முடிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதே கணக்கு இன்னொரு பக்கம் போனால் உயிர் போகும்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. அடித்து வாங்குவார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். ஆனால் 27ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்தது. கைதி சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருள் தொடர்பாக அவர் சொன்ன அளவுக்குச் செல்லும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இரண்டையும் ஒரே பிரிவில் அப்படியே வைத்திருக்கிறது. வாய்வார்த்தைக்கு வாசலை அடைத்த சட்டம் பொருளுக்குச் சன்னலைத் திறந்துவிட்டது. இதோடு துறையின் பழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். திருட்டு வழக்கில் நிலையத்தின் பெருமை 'ரெக்கவரி'தான். நகைகளை மேசையில் பரப்பி, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நின்று எடுத்த படங்களை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். கைரேகை, கண்காணிப்புப் பதிவு, கைபேசித் தடம் என்று போக நாளும் ஆளும் வேண்டும். சந்தேக நபரை உட்காரவைத்து 'விசாரிக்க' ஒரு இரவு போதும். எந்த வழி மலிவு என்று துறையே காட்டிக்கொடுத்த பிறகு, அந்த வழியில் நடந்தவரின் குணத்தை மட்டும் ஆராய்வது என்ன நியாயம்?

2025 ஜூன் கடைசியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலில் தற்காலிகக் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர் இப்படித்தான் செத்தார். காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்பது புகார். அவரைக் கையில் எடுத்தது நிலையத்து விசாரணை அதிகாரி அல்ல, சீருடை அணியாத தனிப்படை. யார் உத்தரவின் பேரில் வழக்கு தனிப்படைக்குப் போனது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. அந்த ஒரு கேள்விக்குள் இந்தக் கட்டுரை முழுக்க அடங்கும். தனிப்படைக்கு நிலையம் கிடையாது, நாட்குறிப்பு கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் பாரா கிடையாது. உயரதிகாரி சொல்லும் வேலையை முடிப்பது ஒன்றுதான் அதன் வேலை. எழுத்தில் இல்லாத ஒரு அமைப்பை உண்டாக்கி, 'எப்படியாவது முடி' என்று அனுப்பிவிட்டு, அந்த 'எப்படியாவது' நடந்த பிறகு ஐந்து காவலர்களைக் கைது செய்தார்கள். துணைக் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் ஆனார், மாவட்டக் கண்காணிப்பாளர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அங்கீகாரம் இல்லாத தனிப்படைகளைக் கலைக்கும்படி உத்தரவும் வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் அது ஒரு ஒப்புதல் வாக்குமூலமும்கூட. கோளாறு ஐந்து பேரின் குணத்தில் மட்டும் இருந்திருந்தால் மாநிலம் முழுக்கத் தனிப்படைகளைக் கலைப்பானேன்?

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி ஒரு தந்தையைக் கூட்டிப்போனார்கள், பின்னால் போன மகனையும் பிடித்து வைத்தார்கள். நாலைந்து நாளுக்குள் இருவரும் பிணம். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் ஒன்பது போலீசார் பெயர் இருந்தது. 'ஒரு சிலர்' வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடையாது என்று தோன்றும். ஆனால் அந்த இருவரும் கடந்துபோன இடங்களை எண்ணுங்கள். அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று கிடைத்தது. நீதித்துறை நடுவரிடம் ரிமாண்ட் கிடைத்தது. பக்கத்தில் இல்லாத கோவில்பட்டிக் கிளைச் சிறை அவர்களை உள்ளே எடுத்துக்கொண்டது. தரையில் உருண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை எழுதிவைத்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு படிவம் நிரப்பப்பட்டது, ஒரு முத்திரை விழுந்தது. இத்தனை பேரும் கருப்பு ஆடுகள் என்றால் மந்தையில் வெள்ளை ஆடு எங்கே? வழக்கமாகச் செய்வதை வழக்கம்போல் செய்தார்கள். பயங்கரம் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சாவுகளை விசாரிக்கப் போன வேறொரு நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு நுணுக்கமான செய்தி உண்டு. நிலையத்தின் கேமராப் பதிவுகளைச் சேமித்து வைக்க வன்தட்டில் இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துபோகும்படி கருவி அமைக்கப்பட்டிருந்ததாம். அடித்த கை கோபத்தில் அடித்திருக்கலாம். கருவியை அப்படி அமைத்த கைக்குக் கோபம் கிடையாது. அது சாவகாசமாக, எந்த ஜூன் இரவுக்காகவும் காத்திராமல் செய்யப்பட்ட ஏற்பாடு. மேற்பார்வைக்கு வந்த எந்த அதிகாரியும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் உயர் நீதிமன்றம் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. தடயங்களைக் காக்கத் தாசில்தாரை அனுப்ப வேண்டியிருந்தது. நீதிமன்றம் நம்ப மறுத்தது ஒன்பது பேரை மட்டும் என்றால், மீதியிருந்தவர்கள் கையில் சாவியைக் கொடுத்திருக்கலாமே!

நான் சொல்வது உண்மையானால் எதிர்த்திசையிலும் செல்லுபடியாக வேண்டும். ஆட்களை மாற்றாமல் அமைப்பை மாற்றினால் நடத்தை மாற வேண்டும். மாறியிருக்கிறதா? நியூயார்க் நகரில் கண்முன்னே மாறியது.

1994இல் அந்த நகரப் போலீஸ் 'காம்ப்ஸ்டாட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சரகத் தலைவரும் தலைமையகக் கூட்டத்தில் எண்களோடு நிற்க வேண்டும். நம் குற்ற ஆய்வுக் கூட்டத்தின் கணினி அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும், 'நடவடிக்கை'யைக் கூட்டிக் காட்ட வேண்டும். தெருவில் போகிறவரை நிறுத்திச் சோதனை போடுவது எளிதான நடவடிக்கை. 2011இல் மட்டும் 6,85,724 முறை ஆட்களை நிறுத்தினார்கள். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இன இளைஞர்கள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர்மீது எந்தக் குற்றமும் இல்லை, அபராதமும் இல்லை. புரூக்ளினில் ஒரு சரகத்துக் காவலர், அன்றாட ரோல்காலில் மேலதிகாரிகள் எண்ணிக்கை கேட்டு மிரட்டுவதை ரகசியமாகப் பதிவு செய்தார். 2010இல் அது பத்திரிகையில் வெளிவந்தது. அதற்கு முன்பே அவருடைய சக அதிகாரிகள் அவரை வீட்டிலிருந்து இழுத்துப்போய் மனநலப் பிரிவில் சேர்த்திருந்தார்கள்.

2013 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சோதனை முறை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. அதற்கு முன்பே எண்ணிக்கைக் கெடுபிடி தளரத் தொடங்கியிருந்தது. 2015இல் நிறுத்தங்கள் 23,000க்கும் கீழே. அதாவது முப்பதில் ஒரு பங்கு. நியூயார்க் போலீசார் நான்கே ஆண்டுகளில் ஞானம் பெற்றுவிட்டார்களா? பழைய ஆட்களை அனுப்பிவிட்டு முனிவர்களை வேலைக்கு எடுத்தார்களா? அதே படைதான், அதே துப்பாக்கிதான். மேலிருந்து கேட்கும் எண் மாறியது, கீழே கை நீளுவது நின்றது. குற்றம் பெருகும் என்று பயமுறுத்தியவர்களுக்கும் பதில் கிடைத்தது: 2011இல் 515 ஆக இருந்த கொலைகள் 2015இல் 352.

நிறுத்திச் சோதிப்பது நிதானமாகச் செய்யும் வேலை, கண்ணிமைக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். அதற்கும் அதே ஊரிலிருந்து ஓர் உதாரணம். 1971இல் நியூயார்க் போலீசார் சுட்டு 93 பேர் இறந்தார்கள். 1972 ஆகஸ்டில் ஒரு விதி வந்தது. எச்சரிக்கைக்காக வானத்தில் சுடக் கூடாது. உயிருக்கு ஆபத்து இல்லாதபோது ஓடுகிறவரைச் சுடக் கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் மறுஆய்வுக் குழுவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த ஊர்ப் போலீசில் வேலை பார்த்துப் பிறகு ஆய்வாளரான ஜேம்ஸ் ஃபைஃப் 1979இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: துப்பாக்கிச் சூடுகள் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்தன, போலீசார் காயப்படுவதும் குறைந்தது. விரலின் அவசரத்தைக்கூட ஒரு குழுவும் ஒரு படிவமும் தணிக்க முடிகிறது.

இதில் ஒரு வரம்பும் உண்டு. ஜேம்ஸ் க்யூ. வில்சன் எட்டு அமெரிக்க ஊர்களின் போலீசை ஒப்பிட்டு 1968இல் எழுதிய நூலில் அதைக் காட்டினார். போக்குவரத்து அபராதம்போலப் போலீஸ் தானே முன்வந்து செய்யும் வேலையைத் தலைமை எளிதில் கூட்டவும் குறைக்கவும் முடியும். நடுநிசியில் ஒரு வீட்டுச் சண்டைக்குள் நுழையும் காவலர் என்ன செய்வார் என்பதில் தலைமையின் பிடி தளர்ந்துவிடும். ஏற்கிறேன். ஆனால் நாம் பேசுவது வீட்டுச் சண்டை அல்ல. நிலையத்தின் நான்கு சுவருக்குள், பதிவேடுகளுக்கும் கேமராவுக்கும் நடுவே நடப்பது. துறையின் பிடி மிக இறுக்கமாக இருக்க வேண்டிய இடம் அது.

கருப்பு ஆட்டுக் கதை புதிதும் அல்ல. 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு தன் அறிக்கையைத் தந்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. வரி வசூலும் போலீஸ் வேலையும் அப்போது ஒரே ஆட்கள் கையில் இருந்தன. குழு கொடுமையை ஒப்புக்கொண்டது. பழியை எங்கே இறக்கியது? கீழ்நிலைச் சுதேசிச் சிப்பந்திகள் தலையில். வெள்ளை அதிகாரிகள்மீது மக்களுக்குக் குறையே இல்லையாம். வசூல் இலக்கை நிர்ணயித்தவர் துரை, புகாரைத் தள்ளுபடி செய்தவர் துரை, குற்றவாளி மட்டும் சேவகன். 1857இல் நியூயார்க் டிரிப்யூனில் எழுதிய கார்ல் மார்க்ஸ், அதே அறிக்கையின் சான்றுகளை எடுத்து அந்த முடிவைக் கிழித்தார். துரை போய்விட்டார். 1859இல் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்து வருவாயையும் போலீசையும் பிரித்தது. மேலே இருப்பவர் அறியார், கீழே இருப்பவன் கொடியன் என்ற வாதம் மட்டும் பதவி உயர்வு பெற்று இன்றும் பணியில் இருக்கிறது.

"அப்படியானால் அடித்தவன் அப்பாவியா?" என்று கேட்பார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி சொல்கிறது. நான் அதை ஏற்கவில்லை. அம்புக்கு மனசாட்சி இல்லை, ஏட்டுக்கு உண்டு. அடித்தவர் சிறைக்குப் போகட்டும். ஆனால் அம்பை மட்டும் ஒடித்துவிட்டு வில்லைத் துடைத்து மாட்டிவைப்பதை நீதி என்று சொல்லாதீர்கள்.

"பயிற்சியும் படிப்பும் போதவில்லை" என்பது நாகரிகமான வாதம். 2023இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு வந்தவர்களின் பற்களைப் பிடுங்கியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் இந்தியக் காவல் பணி அதிகாரி. ஹைதராபாத் தேசிய அகாதமிக்கு மேல் இந்த நாட்டில் போலீசுக்கு எங்கே பயிற்சி தரப்போகிறீர்கள்? கல்லூரியில் ஒரு வாரம் மனித உரிமை வகுப்பு நடத்திவிட்டு, நிலையத்தில் ஐம்பத்திரண்டு வாரம் ரெக்கவரி கேட்டால் எந்தப் பாடம் நிலைக்கும்? துறைக்குள் நடக்கும் உண்மையான பயிற்சி வேறு. காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை 1979இலேயே அரசாணை ஒழித்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆர்டர்லிகளுக்காக அதிகாரிகளைக் கண்டிக்க வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போகிற காவலர் கற்கும் பாடம் ஒன்றுதான்: எழுதிய ஆணையைவிட அய்யாவின் குரல் பெரிது.

"அதே நிலையத்தில் நேர்மையானவர்களும் இருந்தார்களே, குணம்தானே காரணம்?" என்பது வலுவான கேள்வி. சாத்தான்குளத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர் கண்டதைச் சொன்னார். அவர் அந்த இரவின் வெளிச்சம். ஆனால் என்ன விலை கொடுத்தார்? அச்சத்தோடுதான் சாட்சி சொன்னதாக நடுவரின் அறிக்கை சொல்கிறது. பிறகு அவருக்குப் பாதுகாப்பு தர உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு? உண்மை பேசிய போலீஸ்காரருக்கு அவருடைய துறையிடமிருந்தே காவல் வேண்டியிருக்கிறது. புரூக்ளின் காவலருக்கு அந்தக் காவலும் கிடைக்கவில்லை. வீரம் காட்டினால்தான் நேர்மையாக இருக்க முடியும் என்றால் அந்த இடத்தில் கோளாறு வீரருடையது அல்ல.

"ஜனங்களே கைதட்டுகிறார்களே" என்பது கடைசி வாதம். உண்மைதான். பிடிபட்டவர் கழிவறையில் 'வழுக்கி விழுந்து' கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம், பகிர்கிறோம். வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் கூட்டத்தின் கைதட்டலுக்கு ஆடாமல் இருக்கத்தானே சட்டம், சீருடை, படிநிலை எல்லாம் வைத்திருக்கிறோம்? இல்லையென்றால் கூட்டத்திடமே கம்பைக் கொடுத்துவிடலாம், சம்பளமாவது மிச்சமாகும்.

இந்தக் கருப்பு ஆட்டுக் கதை ஏன் சாகாமல் இருக்கிறது? அது எல்லோருக்கும் சௌகரியம். அமைச்சருக்கு ஒரு பணியிடை நீக்க உத்தரவோடு முடிந்துவிடுகிறது. உயரதிகாரிக்குத் தன் மேசையில் இருக்கும் ரெக்கவரிப் பட்டியலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. நமக்கு ஒரு வில்லன் முகம் கிடைக்கிறது. அமைப்பைத் திருத்த யாரும் சொல்லாமலும் இல்லை. போலீஸ் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. பொறுப்பதிகாரிகளுக்கு இரண்டாண்டு நிலையான பணிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் ஆகியவை அவற்றில் அடக்கம். தமிழ்நாடு 2013இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். போலீஸ்மீது புகார் சொல்லப் போகிறவரைப் போலீஸ் அதிகாரியும் உட்கார்ந்து வரவேற்பார். நீதிபதிக்கு வைக்கச் சொன்ன நாற்காலியில் பட்டிக்குச் சொந்தக்காரரே அமர்ந்துகொண்டார்.

எனவே அடுத்த முறை 'யார் அடித்தது' என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த மாதக் குற்றக் கூட்டத்தில் அந்த நிலையத்திடம் என்ன எண் கேட்கப்பட்டது? அந்த ஆள் எந்தப் பதிவேட்டின்படி உள்ளே வந்தார்? தனிப்படையை அமைத்த எழுத்துமூல உத்தரவு எங்கே? கேமராவைக் கடைசியாகச் சோதித்த அதிகாரி யார்? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் லத்தியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அதனால்தான் இவற்றை யாரும் கேட்பதில்லை.

என் வண்டி கிடைக்கவே இல்லை. காப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கை வேண்டும் என்பதால் இரண்டு மாதம் கழித்து மறுபடி நிலையத்துக்குப் போனேன். பழைய ரைட்டர் மாற்றலாகியிருந்தார். புதியவர் இளைஞர், பட்டதாரி, கனிவான முகம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். "கஷ்டம்தான் சார்" என்றார். பிறகு அதே மேசையின் அதே இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.